ஒரு போன் போயிருந்தால் கிரீட் தப்பித்திருக்குமா? - வானத்திலிருந்து இறங்கிய படையின் கதை

1941-ம் ஆண்டு மே 20. மத்தியதரைக் கடலில் இருக்கும் கிரீட் தீவு. காலை எட்டு மணி வாக்கில், தீவைக் காக்கும் படைகளின் தளபதி ஜெனரல் பெர்னார்டு ஃப்ரைபெர்க் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வானம் முழுக்க விமானங்கள். அவற்றிலிருந்து வெள்ளையும் வண்ணமுமாகப் பாராசூட்கள் விரிந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஃப்ரைபெர்க் பதறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 'சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள்' என்கிற தோரணையில் சாப்பாட்டைத் தொடர்ந்தார் என்று, அப்போது உடனிருந்த அதிகாரி ஒருவர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

எதிரி வரும் நாள் தெரியும். வரும் வழி தெரியும். எங்கெங்கே இறங்குவான் என்பதும் ஏறக்குறைய தெரியும். காத்திருந்தவர்கள் சுமார் 40,000 பேர். வானத்திலிருந்து வந்தவர்கள் அதில் பாதிதான். அப்படியிருந்தும் 12 நாள்களில் தீவு பறிபோனது.

எப்படி? அதற்கான பதில் ஒரு சின்னக் குன்றில், ஒரே ஓர் இரவில் இருக்கிறது.

தீவு ஏன் முக்கியம்?

இரண்டாம் உலகப் போர் தொடங்கி ஒன்றே முக்கால் ஆண்டு ஆகியிருந்த நேரம். 1941 ஏப்ரலில் கிரீஸ் நாட்டின் நிலப்பகுதி முழுவதும் ஜெர்மனியிடம் விழுந்துவிட்டது. அங்கிருந்து தப்பிய பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலிய வீரர்கள் கப்பலேறி கிரீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பீரங்கி, லாரி, வயர்லெஸ் கருவி என்று கனமான எல்லாவற்றையும் கடற்கரையிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். பலரிடம் ஆளுக்கொரு துப்பாக்கி மட்டும்தான் மிச்சம்.

கிரீட் கிழக்கு மேற்காக சுமார் 260 கிலோமீட்டர் நீளம். அகலம் மிகக் குறைவு. நடுவில் முதுகெலும்புபோல மலைத்தொடர். வடக்குக் கரையோரம் மூன்று விமானத்தளங்கள்: மேற்கே மாலெமே, நடுவில் ரெத்திம்னோ, கிழக்கே ஹெராக்லியன். இந்தத் தீவு பிரிட்டன் கையில் இருந்தால், அங்கிருந்து பறக்கும் குண்டுவீச்சு விமானங்கள் ருமேனியாவின் எண்ணெய் வயல்களை எட்டிவிடலாம். ஹிட்லரின் டாங்குகளும் விமானங்களும் ஓடியது அந்த எண்ணெயில்தான். ஆகவே கிரீட்டைப் பிடிக்க முடிவானது.

ஆனால், கடல் பிரிட்டிஷ் கப்பற்படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. 'அப்படியானால் வானத்தின் வழியாகப் போகலாம்' என்று ஒருவர் சொன்னார். அவர் பெயர் கர்ட் ஸ்டூடன்ட். பெயர்தான் ஸ்டூடன்ட், ஜெர்மனியின் பாராசூட் படைக்கு அவர்தான் வாத்தியார். ஒரு பெரிய தீவையே பாராசூட், கிளைடர் படைகளை முதன்மையாக வைத்துப் பிடிக்கும் முயற்சி, உலக வரலாற்றில் அதுவே முதல் முறை. திட்டத்துக்கு வைத்த பெயர் 'மெர்குரி'.

குதிப்பது எளிது... துப்பாக்கி எங்கே?

சினிமாவில் பாராசூட் வீரர்கள் துப்பாக்கியைப் பிடித்தபடி கம்பீரமாக இறங்குவார்கள். கிரீட்டில் இறங்கிய ஜெர்மன் வீரர்களின் நிலைமை வேறு.

அவர்கள் பயன்படுத்திய பாராசூட்டின் கயிறுகள், முதுகுக்குப் பின்னால் ஒரே இடத்தில் இணைக்கப்பட்டிருந்தன. அதனால் விமானத்திலிருந்து தலைகுப்புறப் பாய்ந்து குதிக்க வேண்டும். இறங்கும்போது கயிற்றை இழுத்துத் திசை மாற்ற வழியில்லை. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போக வேண்டும். தரையில் முழங்காலும் கையும் முதலில் மோதும். அந்த வேகத்தில் துப்பாக்கி கையில் இருந்தால் எலும்பு முறியும். எனவே பெரும்பாலானோர் கைத்துப்பாக்கி, கத்தி, சில கையெறி குண்டுகளோடு மட்டும் குதித்தார்கள். ரைஃபிளும் இயந்திரத் துப்பாக்கியும் தனிப் பெட்டிகளில், தனிப் பாராசூட்டில் இறங்கின.

அதாவது, தரையில் விழுந்ததும் அவர்களின் முதல் வேலை சண்டை இல்லை. பெட்டியைத் தேடி ஓடுவது. அந்தப் பெட்டி நூறு மீட்டர் தள்ளி, எதிரி குறி வைத்துக் காத்திருக்கும் ஆலிவ் தோப்புக்குள் விழுந்திருந்தால்?

இன்னொரு பிரிவு கிளைடரில் வந்தது. கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். பெரிய விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்து, குறிப்பிட்ட இடத்தில் கழற்றிவிடும். அப்புறம் பருந்துபோல சத்தமில்லாமல் சறுக்கி இறங்க வேண்டும். ஒரு கிளைடரில் பைலட்டோடு சேர்த்து 10 பேர். இவர்களுக்கு ஒரு வசதி: ஆயுதத்தோடு, கூட்டாக ஒரே இடத்தில் இறங்கலாம். ஆபத்தும் உண்டு: பாறையில் மோதினால் பத்துப் பேருக்கும் அதோடு முடிந்தது. சுமார் 70 கிளைடர்கள் அன்று கிரீட்டை நோக்கிக் கிளம்பின. பாராசூட் டிவிஷனின் தளபதி ஜெனரல் சூஸ்மன் வந்த கிளைடர், கிரீட்டையே பார்க்கவில்லை. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இறக்கை பிய்ந்து வழியிலேயே விழுந்தது. சண்டை தொடங்கும் முன்பே தளபதி இறந்துபோனார்.

ரத்தக்களறியான முதல் நாள்

ஜெர்மனியின் உளவுத்துறை ஸ்டூடன்டுக்குச் சொன்னது இரண்டு விஷயங்கள். தீவில் சில ஆயிரம் வீரர்கள்தான் இருக்கிறார்கள். தீவு மக்கள் ஜெர்மானியர்களை வரவேற்பார்கள். இரண்டுமே தப்பு.

மாலெமேவுக்குக் கிழக்கே ஒரு பட்டாலியன் இறங்கியது. சுமார் 600 பேர். அவர்கள் இறங்கிய இடம், நியூசிலாந்து வீரர்கள் பதுங்கியிருந்த தோட்டங்களுக்கு நேர் மேலே! ஒருவர் பாராசூட்டில் இறங்கித் தரையைத் தொட சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகளில் அவரால் ஓட முடியாது, ஒளிய முடியாது, திருப்பிச் சுடவும் முடியாது. மாலைக்குள் அந்தப் பட்டாலியனில் சுமார் 400 பேர் உயிருடன் இல்லை. அதில் ஒரு கம்பெனியில் மட்டும் 126 பேரில் 112 பேர் இறந்தார்கள்.

பிற்பகலில் ரெத்திம்னோவிலும் ஹெராக்லியனிலும் இரண்டாவது அலை இறங்கியது. அங்கும் இதே கதை. கிரீஸிலிருந்து கிளம்பிய விமானங்கள் மண் ஓடுபாதைகளில் கிளப்பிய புழுதி அடங்கவே நேரமானது. அதனால் மொத்தமாக வராமல், கொஞ்சம் கொஞ்சமாக வந்து இறங்கினார்கள். கீழே இருந்தவர்களுக்குக் குறி வைக்க அது வசதியாகப் போனது. ரெத்திம்னோவில் ஜெர்மன் தளபதியையே ஆஸ்திரேலிய வீரர்கள் உயிரோடு பிடித்துவிட்டார்கள்.

இந்தச் சண்டையில் யாரும் எதிர்பார்க்காத இன்னொரு படையும் இருந்தது. அது கிரீட்டின் சாதாரண ஜனங்கள். தீவின் இளைஞர்கள் ராணுவத்தில் சேர்ந்து கிரீஸின் நிலப்பகுதிக்குப் போய், அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரில் இருந்தது பெரியவர்கள், பெண்கள், பையன்கள், பாதிரியார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்போதைய சர்வாதிகார அரசு வீட்டுத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்திருந்ததால், நல்ல ஆயுதம்கூட அவர்களிடம் இல்லை. பரணில் ஒளித்து வைத்திருந்த தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி, கோடரி, அரிவாள், சமையலறைக் கத்தி என்று கைக்குக் கிடைத்ததோடு வெளியே வந்தார்கள். மரத்தில் பாராசூட் சிக்கித் தொங்கிய வீரர்கள் பலருக்கு, சீருடை அணிந்த எதிரியைவிட இவர்களே எமனானார்கள்.

அன்று இரவு ஏதென்ஸ் ஹோட்டலில் இருந்த ஸ்டூடன்டுக்குக் கிடைத்த செய்திகள் ஒவ்வொன்றும் இடி. மூன்று விமானத்தளங்களில் ஒன்றுகூடக் கையில் இல்லை. ஓடுபாதை இல்லாமல் புதுப் படை இறங்க முடியாது. இறங்கியவர்களிடம் குண்டு தீர்ந்துகொண்டிருக்கிறது. மறுநாள் காலை எதிரி திருப்பி அடித்தால், ஆட்டம் முடிந்தது.

குன்று எண் 107

மாலெமே விமானத்தளத்தை ஒட்டித் தெற்கே ஒரு குன்று. உயரம் 107 மீட்டர். ராணுவ வரைபடத்தில் அதன் பெயரே '107'தான். அதன்மேல் நின்றால் ஓடுபாதை முழுக்க உள்ளங்கைபோலத் தெரியும். குன்று யார் கையிலோ, ஓடுபாதை அவர் கையில்.

அதைக் காத்தது நியூசிலாந்தின் 22-வது பட்டாலியன். சுமார் 600 பேர். தலைமை, லெப்டினென்ட் கர்னல் லெஸ்லி ஆண்ட்ரூ. வயது 44. முதல் உலகப் போரில் வீரத்துக்காக பிரிட்டனின் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். பயந்து ஓடும் ஆள் கிடையாது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அவரது ஆள்கள் ஐந்து கம்பெனிகளாகப் பிரிந்து இருந்தார்கள். ஒன்று ஓடுபாதை ஓரம், ஒன்று மேற்கே ஆற்றுப் பாலத்தின் அருகே, மற்றவை குன்றைச் சுற்றி. காலையில் நடந்த குண்டுவீச்சில் டெலிபோன் கம்பிகள் அறுந்தன. வயர்லெஸ் விட்டுவிட்டு வேலை செய்தது. புழுதியும் புகையும் கண்ணை மறைத்தன. ஓடுபாதை ஓரம் இருந்த கம்பெனியும், பாலத்தருகே இருந்த கம்பெனியும் என்ன ஆயின என்று ஆண்ட்ரூவுக்குத் தெரியவில்லை. அனுப்பிய ஆள்கள் போய்ச் சேரவில்லை, அல்லது திரும்பி வரவில்லை.

உதவி கேட்க ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது. வானத்தில் சிக்னல் வெடிகளை விட்டால், பக்கத்தில் இருக்கும் 23-வது பட்டாலியன் ஓடி வர வேண்டும். ஆண்ட்ரூ விட்டார். புகைமூட்டத்தில் யார் கண்ணிலும் அது படவில்லை. சில கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் மேலதிகாரி பிரிகேடியர் ஹார்கெஸ்ட்டிடம் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டார். 23-வது பட்டாலியனுக்கு அங்கேயே வேலை இருக்கிறது என்று பதில் வந்தது.

கடைசியாகத் தன்னிடம் இருந்த துருப்புச் சீட்டை இறக்கினார். இரண்டு டாங்குகள். ஒன்றில் குண்டு பீரங்கிக் குழாய்க்குள் பொருந்தவில்லை, கோபுரமும் சுழலவில்லை. அது பாதியில் திரும்பியது. இன்னொன்று தைரியமாக முன்னேறி, ஆற்றுப்படுகையின் கற்களில் மாட்டி நின்றுவிட்டது.

மாலை ஆனது. இரண்டு கம்பெனிகள் அழிந்துவிட்டன என்றே ஆண்ட்ரூ முடிவுக்கு வந்தார். விடிந்தால் ஜெர்மன் விமானங்கள் மறுபடி வரும். மிச்சமிருப்பவர்களையாவது காப்பாற்ற வேண்டும். பின்வாங்க வேண்டியிருக்கலாம் என்று ஹார்கெஸ்ட்டுக்குத் தகவல் சொன்னார். 'வேறு வழியில்லை என்றால் செய்' என்பதுபோல் அனுமதி வந்தது. இரண்டு கம்பெனிகளை உதவிக்கு அனுப்புவதாகவும் ஹார்கெஸ்ட் சொன்னார். ஆனால், அவை வெளிச்சம் இருக்கும்போது வந்து சேரவில்லை. இருட்டியதும் ஆண்ட்ரூ முதலில் சற்றே பின்னால் இருந்த மேட்டுக்கு, பிறகு அங்கிருந்தும் கிளம்பிவிட்டார்.

உண்மை என்னவென்றால், அந்த இரண்டு கம்பெனிகளும் அழியவில்லை. அடி வாங்கியிருந்தன, ஆள் குறைந்திருந்தன, ஆனால் இடத்தை விடாமல் நின்றன. ஓடுபாதை இன்னமும் அவர்களின் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உதவிக்கு வந்த மாவோரி வீரர்களின் கம்பெனி ஒன்று இருட்டில் விமானத்தளத்துக்கு வெகு அருகே வரை போய், யாரையும் காணாமல் திரும்பியது.

நள்ளிரவு தாண்டி, ஓடுபாதை ஓரம் நின்ற கம்பெனி குன்றுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தது. குன்று காலி! தலைமை போய்விட்டது, நாம் மட்டும் இருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதன்பின் அவர்களுக்கும் வேறு வழியில்லை. விடிவதற்குள் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஜெர்மன் வீரர்களைத் தாண்டி ஓசையில்லாமல் நழுவினார்கள்.

விடியற்காலையில் கையிலிருந்த கொஞ்சக் குண்டுகளோடு, 'இதுதான் கடைசி' என்று குன்றின்மேல் ஏறிய ஜெர்மன் வீரர்களுக்கு நம்பவே முடியவில்லை. எதிர்க்க ஆளில்லை. அந்தக் குழுக்களில் ஒன்றை நடத்தி வந்தவர், படையின் டாக்டர். அதிகாரிகள் அந்த அளவுக்குக் குறைந்துபோயிருந்தார்கள். இரவில் ஒரே ஓர் எதிர்த்தாக்குதல் நடந்திருந்தால் தங்கள் கதை முடிந்திருக்கும் என்று ஸ்டூடன்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஓடுபாதை திறந்தது

மே 21 காலை ஸ்டூடன்ட் ஒரு விமானத்தை மாலெமேவில் இறக்கி, மறுபடி கிளப்பிச் சோதித்துப் பார்த்தார். முடிந்தது. அவ்வளவுதான், மிச்சமிருந்த எல்லாவற்றையும் அங்கேயே கொட்ட முடிவெடுத்தார். மாலை ஐந்து மணி வாக்கில் மலைப்படை வீரர்களை ஏற்றிய விமானங்கள் வரிசையாக இறங்கின. தூரத்தில் இருந்த பீரங்கிகள் ஓடுபாதையைச் சுட்டுக்கொண்டேதான் இருந்தன. விமானங்கள் எரிந்தன, ஒன்றோடொன்று மோதின. பிரிட்டிஷ் படையிடம் கைப்பற்றிய ஒரு கவச வண்டியை வைத்து, உடைந்த விமானங்களை ஓரமாக இழுத்துத் தள்ளிவிட்டு அடுத்த விமானத்துக்கு இடம் செய்தார்கள்.

அன்று இரவு நியூசிலாந்துப் படை எதிர்த்தாக்குதலுக்குத் திட்டமிட்டது. இங்கேயும் நேரம் காலை வாரியது. ஃப்ரைபெர்க்கின் மனம் முழுக்கக் கடலில் இருந்தது. ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை பிரிட்டன் உடைத்துப் படித்து அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கப்பலிலும் படை வரும் என்ற தகவல் அதில் இருந்தது. அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று வரலாற்றாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். விளைவு மட்டும் தெளிவு. கடற்கரையைக் காலியாக விட அவர் தயங்கினார். ஒரு பட்டாலியனை மாற்ற ஆஸ்திரேலியப் படை வர வேண்டும், அது வரும்வரை காத்திருந்தார்கள். வழியில் விமானத் தாக்குதலால் அது தாமதமானது. இரவில் முடிய வேண்டிய தாக்குதல் விடியலில் போய் நின்றது. பகல் வெளிச்சத்தில், தலைக்கு மேல் ஜெர்மன் விமானங்கள் வட்டமிட, முன்னேற முடியவில்லை.

இத்தனைக்கும், அதே இரவில் பிரிட்டிஷ் கப்பற்படை கடலில் வந்த படகுக் கூட்டத்தை மறித்துச் சிதறடித்துவிட்டது. பயந்த ஆபத்து வந்து சேரவே இல்லை.

அதன்பின் நடந்தது எல்லாம் பின்வாங்கல்தான். இடையில் கலாட்டாஸ் ஊரில் வீதி வீதியாக நடந்த சண்டை, மே 27-ல் மாவோரி, ஆஸ்திரேலிய வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து ஜெர்மானியரை ஓடவிட்டது என்று வீரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் தோல்வி நிச்சயமாகிவிட்டது. வெள்ளை மலைகளைத் தாண்டித் தெற்குக் கரையில் இருக்கும் ஸ்ஃபாகியா என்ற மீனவ கிராமத்துக்கு வீரர்கள் நடந்தார்கள். வெயில், தாகம், கிழிந்த பூட்ஸ். தார்ச்சாலை கடல்வரைகூடப் போகவில்லை, மலை விளிம்பிலேயே நின்றுவிட்டது. மிச்சத்தை ஆட்டுப் பாதையில் இறங்க வேண்டும்.

இரவு நேரத்தில் மட்டும் வந்து போன கப்பல்கள் ஸ்ஃபாகியாவிலும் ஹெராக்லியனிலுமாக 16,000-க்கும் மேற்பட்டோரை மீட்டன. அந்த மீட்புக்கு பிரிட்டிஷ் கப்பற்படை பெரிய விலை கொடுத்தது. கிரீட்டைச் சுற்றிய கடலில் 3 குரூசர்களும் 6 டிஸ்ட்ராயர்களும் மூழ்கின. 1,800-க்கும் அதிகமான மாலுமிகள் இறந்தார்கள். ஜூன் 1-ல் மீட்பு நின்றபோது கரையிலேயே விடப்பட்டவர்களும், தீவின் மற்ற இடங்களில் சிக்கியவர்களுமாகச் சுமார் 12,000 பேர் கைதிகள் ஆனார்கள்.

குத்துச்சண்டை சாம்பியனும் மூன்று சகோதரர்களும்

அன்று கிரீட்டில் குதித்தவர்களில் உலகமே அறிந்த ஒருவர் இருந்தார். மேக்ஸ் ஷ்மெலிங். ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் உலக சாம்பியனாக இருந்தவர். 1936-ல் அமெரிக்காவின் ஜோ லூயிஸை வீழ்த்தியவர், 1938-ல் அதே லூயிஸிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்தவர். பாராசூட் வீரராக கிரீட்டில் இறங்கி, காயமும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். உயிர் பிழைத்தார். போருக்குப் பின் அவரும் லூயிஸும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. வாட்டர்லூ போரில் நெப்போலியனை எதிர்த்த தளபதி புளூஹரின் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள் பாராசூட் படையில் இருந்தார்கள். மூவரும் ஹெராக்லியன் பக்கம் நடந்த சண்டையில் இறந்தார்கள். கடைசித் தம்பிக்கு வயது 17.

கிராமங்கள் கொடுத்த விலை

சண்டை முடிந்தது. கிரீட் மக்களுக்குத் துன்பம் அப்போதுதான் தொடங்கியது.

சாதாரண ஜனங்கள் ஆயுதம் எடுத்ததை ஜெர்மன் ராணுவத்தால் பொறுக்க முடியவில்லை. பழிவாங்கும் நடவடிக்கைக்கு ஸ்டூடன்ட் உத்தரவிட்டார். விசாரணை எதுவும் வேண்டாம், ஊர்களை எரிக்கலாம், ஆண்களைச் சுட்டுக் கொல்லலாம் என்பது அதன் சாரம். ஜூன் 2-ல் மாலெமேவுக்குப் பக்கத்து கிராமமான கொண்டோமாரியில் ஆண்களைப் பிரித்து ஆலிவ் தோப்புக்குள் நிறுத்திச் சுட்டார்கள். மறுநாள் கண்டனோஸ் என்ற ஊர் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கே சுமார் 180 பேர் கொல்லப்பட்டார்கள். 'இங்கே கண்டனோஸ் என்ற ஊர் இருந்தது' என்ற பொருளில் பலகையும் நட்டுவைத்தார்கள்.

கொண்டோமாரியில் என்ன நடந்தது என்பதை உலகம் படமாகவே பார்க்க முடிவதற்கு ஒரு ஜெர்மானியர் காரணம். ராணுவப் புகைப்படக்காரர் ஃப்ரான்ஸ் பீட்டர் வைக்ஸ்லர். கொலையைத் தடுக்க முயன்றார், முடியவில்லை. ஆண்கள் நிறுத்தப்பட்டது முதல் விழுந்தது வரை படம் எடுத்தார். அதற்காகப் பின்னால் கைதும் செய்யப்பட்டார். போருக்குப் பிறகு இந்தக் கொலைகளைப் பற்றி வாக்குமூலம் கொடுத்தார். ஸ்டூடன்ட் 1946-ல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். கைதிகளை நடத்திய விதம் தொடர்பான அந்த வழக்கில் கிடைத்த ஐந்தாண்டு தண்டனையும் உறுதி செய்யப்படவில்லை. கிராமத்து ஜனங்கள் கொல்லப்பட்டதற்காக அவர் ஒரு நாளும் தண்டனை அனுபவிக்கவில்லை.

ஒரே போர், இரண்டு பாடம்

கிரீட்டில் ஜெயித்தது ஜெர்மனி. ஆனால், இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் கணக்கைப் பார்த்து ஹிட்லர் அதிர்ந்துபோனார். இரண்டும் சேர்த்துக் கிட்டத்தட்ட 4,000 பேர். விழுந்தும் நொறுங்கியும் போன போக்குவரத்து விமானங்கள் சுமார் 150. பாராசூட் படையின் பலமே எதிரியைத் திடுக்கிட வைப்பதில் இருந்தது, அந்த ரகசியம் உடைந்துவிட்டது, இனி அதன் காலம் முடிந்தது என்று ஸ்டூடன்டிடமே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இவ்வளவு பெரிய வான்வழித் தாக்குதலை ஜெர்மனி நடத்தவே இல்லை. மால்டா தீவின் மீது இறங்கும் திட்டமும் கிடப்பில் போனது. அரிதாகப் பயிற்சி பெற்ற அந்த வீரர்கள், மிச்சப் போரில் பெரும்பாலும் காலாள்களாகவே போரிட்டார்கள்.

தோற்ற நாடுகள் இதே போரைப் பார்த்து நேர் எதிரான பாடம் படித்தன. 'வானத்திலிருந்து இறங்கி ஒரு தீவையே பிடிக்கலாமா?' என்று வியந்தன. ரகசியச் செய்திகள் எதிரி கையில் போனதால்தான் அந்தச் சேதம் என்பது ஹிட்லருக்குத் தெரியாது. பிரிட்டன் 1941-ன் முடிவிலேயே தனி வான்வழி டிவிஷனை உருவாக்கியது. 1942-ல் அமெரிக்கா இரண்டு டிவிஷன்களை உருவாக்கியது. 1944 ஜூனில் நார்மண்டியில் அவர்கள்தான் முதலில் இறங்கினார்கள். 1945 மார்ச் 24-ல் ரைன் நதியைத் தாண்ட ஒரே நாளில் 16,000-க்கும் அதிகமானோர் பாராசூட்டிலும் கிளைடரிலும் இறங்கினார்கள்.

ஆனால், மாலெமேவின் உண்மையான பாடத்தை அவர்களும் முழுதாகப் படிக்கவில்லை. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் பிரிட்டனின் வான்வழி டிவிஷன் இறங்கியது. பாலத்தை எட்டிப் பிடித்த வீரர்கள் ஒரு பக்கம், பல கிலோமீட்டர் தள்ளி மாட்டிக்கொண்ட மற்றவர்கள் மறுபக்கம். ரேடியோக்கள் வேலை செய்யவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள், யார் பிழைத்திருக்கிறார்கள் என்று தளபதிக்கே தெரியவில்லை. போன சுமார் 10,000 பேரில் நதியைத் தாண்டித் திரும்பியவர்கள் சுமார் 2,400 பேர்தான். அந்த வாரம் அதே நாட்டில் ஒரு ஜெர்மன் படைக்குத் தலைமை தாங்கியபடி, தலைக்கு மேல் பறந்த அந்தப் பிரமாண்டமான விமானக் கூட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? கர்ட் ஸ்டூடன்ட்!

ஆண்ட்ரூ தப்பு செய்தாரா? எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வி ஓயவில்லை. கையில் இருந்த தகவலை வைத்து அவர் எடுத்த முடிவில் நியாயம் இருந்தது. கிடைக்காமல் போன தகவல்தான் எல்லாவற்றையும் மாற்றியிருக்கும். 'நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்' என்ற ஒரு வரி. இன்றைக்கு அரை விநாடியில் போய்ச் சேரும் செய்தி அது.

கல்லறையைக் காத்தவர்

இன்று கிரீட்டுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் மாலெமேவில் அந்தக் குன்றைப் பார்க்கலாம். 107-ம் எண் குன்று இப்போது ஜெர்மன் வீரர்களின் கல்லறைத் தோட்டம். 4,400-க்கும் அதிகமானோர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கீழே நீலக் கடல், ஓரமாக அந்தப் பழைய ஓடுபாதை.

அந்தத் தோட்டத்தைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் ஜார்ஜ் சைக்குண்டாகிஸ் என்ற கிரீட்காரர். போர் நடந்தபோது ஏழை ஆட்டிடையர். ஜெர்மானியர் தீவை ஆண்ட காலத்தில், எதிர்ப்புப் படைக்கு ரகசியத் தகவல்களைச் சுமந்துகொண்டு மலைகளில் இரவு பகலாக ஓடியவர். ரேடியோ இல்லாத இடங்களுக்கு அவர் கால்தான் ரேடியோ. போர் முடிந்ததும், ராணுவத்தில் சேராமல் ஓடியவர் என்று தவறாகச் சிறையில் அடைத்தது சொந்த நாடு. அங்கே இருந்தபடிதான் தன் அனுபவங்களை எழுதினார். 1955-ல் அது ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. பிறகு ஹோமரின் இரண்டு பெரும் காவியங்களையும் கிரீட் வட்டார வழக்கில் மொழிபெயர்த்தார்.

1970-களில் அவருக்குக் கிடைத்த வேலை, தன் மண்ணைப் பிடிக்க வானத்திலிருந்து இறங்கி இறந்துபோனவர்களின் கல்லறைகளுக்குத் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி, பெயர்ப்பலகைகளைத் துடைப்பது. ஓய்வு பெறும்வரை அதை ஒழுங்காகச் செய்தார். தேடி வரும் ஜெர்மன் குடும்பங்களுக்கு, அவர்கள் வீட்டுப் பையன் எந்த வரிசையில் இருக்கிறான் என்று காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். 2006-ல் இறந்தார்.